தலையில் அடிபட்டவன் பேச்சைக் கேட்காதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு டாக்டரிடம் பொய் சொன்னேன்.

"தலை வலிக்குதா சார்?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

வலித்தது. நன்றாகவே வலித்தது.

இதில் கேவலம் என்னவென்றால் நானும் ஒரு டாக்டர்தான். எலும்பு முறிவு சிகிச்சை செய்பவன். பைக்கில் விழுந்து வருகிறவர்களிடம் 12 வருடமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவன். அவர்கள் "ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கேன்" என்று சொல்லும்போதெல்லாம் "பொய் சொல்லாதீங்க" என்று திட்டுகிறவன்.

பதிவு கொஞ்சம் நீளம். பாதி பைக் ரேஸ் கதை, பாதி மருத்துவம். உங்கள் வீட்டில் ஒரே ஒரு டூவீலர் இருந்தாலும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

முதலில் ரேஸ் கதை.

எனக்கு 39 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே பைக் பைத்தியம். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., கல்யாணம், குழந்தை, வீட்டு லோன் எல்லாம் முடிந்து (லோன் முடியவில்லை, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்) 36 வயதில் ஒரு பழைய ஆர்15 வாங்கி டிராக்கில் ஓட்டப் பழக ஆரம்பித்தேன்.

"இந்த வயசுல ரேஸா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. புதியவர்கள் பிரிவில் என்னோடு நிற்கிற பையன்களில் பாதிப் பேருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். என்னை "அங்கிள்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஜெயிக்கப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் போன முறையைவிட ஒரு செகண்ட் குறைத்துவிட்டால் போதும், அந்த வாரம் முழுக்க ஓ.பி.யில் சிரித்த முகமாக இருப்பேன். நர்ஸ்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

டிராக் எங்கே என்று தெரியாதவர்களுக்கு: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. சென்னை ரேஸுக்குப் பழைய ஊர். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-ல். அந்தக் காலத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்கும். வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சோழவரம் ரேஸ் என்றாலே முகம் மாறும். பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் கட்டி 1990-ல் திறந்தார்கள். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர்.

நான் இருப்பது வேலூர் பக்கம். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் டிராக்குக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் கேஷுவாலிட்டிக்கு ராத்திரி பேஷண்டுகளை அனுப்பிக்கொண்டே இருப்பதும் இதே ரோடுதான். அது வேறு கதை. இல்லை, வேறு கதை இல்லை. அதற்கும் வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பைக்கை ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு நானும் என் மெக்கானிக்கும் கிளம்பினோம். அம்மாவிடம் "சென்னைல ஒரு கான்ஃபரன்ஸ்மா" என்று சொல்லியிருந்தேன். (இது அந்த வாரத்தின் முதல் பொய்.) மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். "ஹெல்மெட் ஸ்ட்ராப்பை ஒழுங்கா போடுங்க" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லமாட்டாள்.

ரேஸ் டிராக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிற இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அது கிட்டத்தட்ட ஒரு ஆபரேஷன் தியேட்டர்.

பைக்கில் இருந்து ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, சைடு ஸ்டாண்டு, சேலை கார்டு எல்லாம் கழற்றியாக வேண்டும். கீழே விழுந்தால் உடைந்து சிதறி, பின்னால் வருகிறவனைக் குத்தக்கூடாது. இன்ஜின் ஆயில் போல்ட்டை மெல்லிய கம்பியால் கட்டியிருக்க வேண்டும். அது கழன்று நாலு சொட்டு ஆயில் ரோட்டில் விழுந்தால் பின்னால் வருகிற பத்து பேர் சறுக்குவார்கள். ரேடியேட்டரில் கூலன்ட் கூடாது, வெறும் தண்ணீர்தான். காரணம் அதேதான், கூலன்ட் வழுக்கும்.

ஒருவர் வந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஹெல்மெட்டைக் கையில் வாங்கி உள்ளே வெளியே திருப்பிப் பார்ப்பார். லெதர் சூட், முதுகுக் கவசம், கையுறை, பூட்ஸ். எல்லாம் சரி என்றால்தான் ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கர் இல்லாமல் தடத்துக்குள் போக முடியாது. நீ டாக்டரா, கலெக்டரா, எம்.எல்.ஏ. மச்சானா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பயிற்சி நன்றாகப் போனது. ராத்திரி பைக்குக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். கோயம்புத்தூர் பையன் ஒருவன் பிரேக் லீவர் உடைந்துவிட்டது என்று வந்து நின்றான். என் மெக்கானிக் எங்கள் ஸ்பேர் லீவரை எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை அவனும் நானும் ஒரே தகுதிச் சுற்றில் போட்டி. டிராக்கில் இப்படித்தான். எனக்கு இந்த இடம் பிடித்துப் போனதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை.

சனிக்கிழமை. தகுதிச் சுற்று. இதில் எடுக்கிற நேரத்தை வைத்துத்தான் ரேஸில் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவாகும்.

மூன்றாவது சுற்றில் அந்தக் கோயம்புத்தூர் பையன் என்னைத் தாண்டிப் போனான். எங்கள் லீவரை வைத்துக்கொண்டே! விடக்கூடாது என்று பின்னால் போனேன். வளைவு வந்தது. அவன் பிரேக் பிடித்த இடத்தைத் தாண்டி நான் பிடித்தேன்.

இங்கே ஒரு சின்னப் பாடம். ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

டயரின் பிடிமானம் என்பது சம்பளக் கவர் மாதிரி. இருப்பது ஒரே கவர்தான். பிரேக்குக்கும் அதில் இருந்துதான் செலவு, வண்டி சாய்வதற்கும் அதில் இருந்துதான் செலவு. நேராக ஓடும்போது முழுவதையும் பிரேக்குக்கே கொடுக்கலாம். சாய்ந்துகொண்டே பிரேக்கையும் அழுத்தினால் கவர் காலி. முன் டயர் கையை விரித்துவிடும்.

என் டயரும் விரித்தது. தப்பு முழுக்க என்னுடையது.

தார் ரோடு இடது காதுக்குப் பக்கத்தில் ஓடியது ஞாபகம் இருக்கிறது. சரளைக்கல் ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, ஒரு மார்ஷல் என் தோளைப் பிடித்து "சார், எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க" என்று சொல்வது.

இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் மஞ்சள் கொடி ஆட்டி மற்றவர்களை மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மார்ஷல்கள் ஓடி வந்திருக்கிறார்கள். நான் எழுந்து பைக்கைத் தூக்கப் போயிருக்கிறேன். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

உடம்பில் பெரிய காயம் இல்லை. லெதர் சூட் முழங்கையில் தேய்ந்து வெளுத்திருந்தது. உள்ளே தோலில் ஒரு கீறல் இல்லை. சுண்டு விரல் மட்டும் வீங்கியிருந்தது. அதை நானே அழுத்திப் பார்த்து எலும்பு உடையவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஹெல்மெட்டின் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருந்தது.

டிராக்கின் மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். 27, 28 வயது இருக்கலாம். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது அவர் எட்டாவதோ ஒன்பதாவதோ படித்திருப்பார்.

"மயக்கம் வந்துச்சா சார்?"

"இல்லைங்க. முழுசா ஞாபகம் இருக்கு."

"தலை வலி? வாந்தி வர்ற மாதிரி? வெளிச்சம் கூசுதா?"

"ஒண்ணும் இல்லை. நானும் டாக்டர்தாங்க. விரல்ல மட்டும் ஒரு டேப் போட்டுவிடுங்க. நாளைக்கு ரேஸ் இருக்கு."

அவர் டேப்பை எடுக்கவில்லை.

கூட வந்த என் மெக்கானிக் அப்போதுதான் வாயைத் திறந்தார். "டாக்டரம்மா, சார் வர்ற வழியில 'குவாலிஃபையிங் முடிஞ்சிருச்சா'ன்னு கேட்டாரு. முடிஞ்சிருச்சுன்னேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி அதையே கேட்டாரு. அப்புறம் இன்னொரு தடவையும் கேட்டாரு."

நான் அவரை முறைத்தேன். மூன்று தடவை கேட்டது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அவர் கட்டிவிடுகிறார் என்றே நினைத்தேன்.

அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். பத்து வார்த்தைகள் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு "டிசம்பர்ல இருந்து பின்னாடி போய் மாசங்களைச் சொல்லுங்க சார்" என்றார்.

சிரிப்பு வந்தது. இந்தப் பரிசோதனையை நானே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன்!

"டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர், ஆகஸ்ட்... ஜூன்..."

நின்றுவிட்டேன். ஏதோ இடிக்கிறது. எது என்று தெரியவில்லை. ஜூலை என்று ஒரு மாதம் இருப்பதே மனசுக்கு வரவில்லை. என் மகள் பிறந்த மாதம் அது.

பிறகு ஒரு கோட்டின் மேல் குதிகாலையும் கட்டை விரலையும் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சுவரைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பத்து வார்த்தைகளைத் திரும்பக் கேட்டார். மூன்று வந்தது.

"சார், கன்கஷன். இந்த வீக்கெண்ட் நீங்க ஓட்ட முடியாது. அன்ஃபிட்னு எழுதறேன். சி.டி. ஒண்ணு எடுத்துடலாம், ஒரு ராத்திரி அப்சர்வேஷன்ல இருங்க."

இந்த இடத்தில் நான் நடந்துகொண்டதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

"நான் உங்களுக்கு சீனியர்ங்க" என்றேன். "என் உடம்பைப் பத்தி எனக்குத் தெரியாதா? எங்க வேணாலும் கையெழுத்து போட்டுத் தர்றேன். என் பொறுப்பு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"சார், நீங்க என் இடத்துல இருந்து, நான் உங்க இடத்துல இருந்தா, என்னை ஓட்ட விடுவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். ரேஸில் சேரும்போது என் உயிருக்கு நானே பொறுப்பு என்று நானும் கையெழுத்துப் போட்டவன்தான். ஆனால் டாக்டர் "அன்ஃபிட்" என்று எழுதிய பிறகு என் கையெழுத்துக்கு அங்கே மதிப்பே இல்லை.

இப்போது மருத்துவம்.

கன்கஷன் என்றால் என்ன? மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை வேகமாகப் போய் சடாரென்று நின்றால் அல்லது திருகினால், மண்டை ஓடு நின்ற பிறகும் மூளை கொஞ்சம் நகரும். நரம்பு இழைகள் இழுபடும். செல்களுக்குள் இருக்கும் ரசாயனச் சமநிலை கொஞ்ச நாளைக்குக் குலைந்துபோகும். எலும்பு உடைந்திருக்காது, ரத்தம் கசிந்திருக்காது. பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் நார்மல் என்றுதான் வரும். எனக்கும் நார்மல்தான் வந்தது. ஸ்கேன் எடுப்பது கன்கஷனைக் கண்டுபிடிக்க அல்ல, அதைவிட மோசமானது உள்ளே இருக்கிறதா என்று பார்க்க.

ஸ்கேன் நார்மல் என்றால் மூளை நார்மல் என்று அர்த்தம் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூளை தேறுவதற்கு முன் இரண்டாவது அடி விழுந்தால், அது லேசான அடியாக இருந்தாலும், விளைவு பல மடங்கு மோசமாகலாம். அதனால்தான் விளையாட்டு மருத்துவத்தில் உலகம் முழுக்க ஒரே விதி: கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும்.

இந்த விதியை ஏன் ஆட்டக்காரன் கையில் கொடுக்கவில்லை தெரியுமா?

கை உடைந்தால் "கை உடைந்திருக்கிறது" என்று மூளை சொல்லும். மூளைக்கே அடிபட்டால் அதை யார் சொல்வது? அடிபட்ட அதே மூளைதானே "எனக்கு ஒன்றும் இல்லை" என்று தீர்ப்பும் எழுதுகிறது. குற்றவாளியே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த கதை. தலைவலியை மறைத்தேனே, அது பொய். தெரிந்து சொன்னது. ஆனால் "முழுசா ஞாபகம் இருக்கு" என்று சொன்னபோது அதை நான் நம்பித்தான் சொன்னேன். என் 12 வருட அனுபவம், எம்.எஸ். பட்டம் எதுவும் அங்கே உதவவில்லை. என்னைக் காப்பாற்றியது, மூன்று தடவை கேட்டேன் என்று போட்டுக்கொடுத்த மெக்கானிக்கும், என் பேச்சை நம்பாத ஒரு டாக்டரும்தான்.

ராத்திரி அப்சர்வேஷனில் படுத்திருந்தேன். வேலூரில் இருந்து மனைவி வந்துவிட்டாள். மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். தூக்கம் வரவில்லை. ஒரு பையன் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். 20-களில் இருந்த பையன். வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது குறுக்கே நாய் வந்து விழுந்துவிட்டான். வேகம் முப்பதுகூட இருக்காது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. நடந்துதான் கேஷுவாலிட்டிக்குள் வந்தான். மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு போட்டேன். காதுக்கு மேலே சின்ன வீக்கம்.

"ஸ்கேன் எடுத்துட்டு ராத்திரி இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கேன்" என்றான். வீட்டுக்காரர்களும் செலவுக்குப் பயந்து தயங்கினார்கள். கூட வந்த நண்பன் மட்டும் "சார், இவன் சொன்னதையே சொல்றான் சார்" என்றான்.

பின்னால் ஒரு லாரி விபத்து கேஸ் வந்து நின்றது. சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

விடியற்காலை நாலு மணிக்கு நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கத்துக் கண்மணி விரிந்திருந்தது. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. இதில் இப்படி நடப்பது உண்டு. அடிபட்ட பிறகு சில மணி நேரம் நன்றாகப் பேசுவார்கள், நடப்பார்கள், சாப்பிடுவார்கள். உள்ளே கிழிந்த ரத்தக்குழாய் கசிந்துகொண்டே இருக்கும். இடம் தீர்ந்ததும் மூளையை நசுக்க ஆரம்பிக்கும்.

நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம். உயிர் பிழைத்தான். ஆனால் இன்றைக்கும் ஒரு வார்த்தை தேடி எடுக்க அவனுக்கு நேரம் ஆகிறது. பழைய வேலைக்குத் திரும்பவில்லை.

சட்டப்படி என் மேல் தப்பு இல்லை, கையெழுத்து இருக்கிறது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டவர்களுக்கு அந்தப் பையன் "நல்லா இருக்கேன்" என்று சொன்ன சொல்தான் ஆதாரம். அவன் நண்பன் உண்மையைச் சொன்னான். நான் அந்த நண்பனைப் பிடித்து உட்காரவைத்து இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவன் அப்பாவிடம் இன்னும் பத்து நிமிடம் பேசியிருக்க வேண்டும். அந்தப் பெண் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாரே, அதைத்தான் அன்றைக்கு நான் செய்யவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரேஸ் பாதுகாப்பானது, எல்லோரும் வாருங்கள் என்று கூப்பிட நான் இதை எழுதவில்லை. இதே டிராக்கில் 2023 ஜனவரியில் அனுபவமிக்க கார் பந்தய வீரர் ஒருவரும், ஆகஸ்டில் 13 வயதே ஆன பைக் வீரர் ஒருவரும் விபத்தில் இறந்திருக்கிறார்கள். இரண்டு முறையும் மீதிப் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு விதி இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

ஆனால் நம் ரோட்டைப் பாருங்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். ரோட்டில் போல்ட்டைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. மஞ்சள் கொடி இல்லை. விழுந்து எழுந்தவனை "உக்காருங்க" என்று தோளைப் பிடித்து அழுத்துகிற மார்ஷல் இல்லை. சோடா ஒன்றை வாங்கிக் கொடுத்து, "பாத்துப் போப்பா" என்று அதே பைக்கில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

அதனால் நீங்கள் மார்ஷலாக இருங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

தலையில் அடிபட்ட ஒருவர் "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அதை நம்பாதீர்கள். கூட இருக்கும் நீங்கள் பாருங்கள்:

கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா? விழுந்தது எப்படி என்று சொல்லத் தெரியவில்லையா? கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியதா? நடை தள்ளாடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அவர் வண்டியைத் தொடக்கூடாது. டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, கை கால் பலவீனம், காது மூக்கில் ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வருவது. இதெல்லாம் அவசரம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வயதானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடித்திருப்பவர்கள் விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். குடித்தவர் உளறினால் போதை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தெலும்பில் அடிபட்டிருக்கலாம்.

செலவை நினைத்துத் திரும்பிப் போகாதீர்கள். தமிழ்நாடு அரசின் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அந்தப் பையன் வீட்டுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல முடியவில்லை. திட்டம் பிறகுதான் வந்தது. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

ஹெல்மெட். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட நம் வீட்டு டி.வி. பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல்தான். அது நசுங்கி, தலை நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுக்கிறது. அந்த நேரம்தான் உயிர். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, ஹெல்மெட் போட்டால் இறக்கும் அபாயம் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்று சொல்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ராப் போடாத ஹெல்மெட் தொப்பிதான். அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீர்கள். தெர்மாகோல் ஒரு தடவைதான் நசுங்கும். என் ஹெல்மெட் இப்போது கேஷுவாலிட்டி மேஜையில் இருக்கிறது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிஸ்சார்ஜ் ஆகி, பைக்கையும் மெக்கானிக்கையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று டிராக்குக்குப் போனோம். நான் நிற்க வேண்டிய ரேஸ் அப்போதுதான் தொடங்கியது. சத்தம் தலைக்குள் ஆணி அடித்தது. இரண்டு சுற்றுக்கு மேல் நிற்க முடியவில்லை. கோயம்புத்தூர் பையன் எட்டாவது இடத்தில் முடித்தான் என்று பிறகு மெக்கானிக் சொன்னார். லீவரை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

தலைவலி பதினோரு நாள் இருந்தது. ஒன்பது நாள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகவில்லை. முதல் இரண்டு நாள் செல்போன்கூடக் கூடாது. என் கேஸ்களை நண்பர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஜூலையை மறந்தவன் கையில் டிரில் மெஷினைக் கொடுக்கலாமா? பைக்கில் இன்னும் ஏறவில்லை. ஏறலாம் என்று வேறு ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஏறுவேன். நானே எனக்கு எழுதிக்கொள்ள மாட்டேன்.

அம்மாவிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன். கான்ஃபரன்ஸ் கதை தெரிந்ததும் அரை மணி நேரம் பேசவே இல்லை. பிறகு வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பொண்ணு பேரு என்னடா? அவ பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும்."

யோசித்தேன். வரவில்லை.

கேட்கவே இல்லையா, கேட்டு மறந்துவிட்டேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பதிவு அவர் கண்ணில் பட்டால், ஒரு வார்த்தை பேர் சொல்லுங்கம்மா. அம்மா காத்திருக்கிறார்.

ஸ்ட்ராப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.